ஈரத்துணி காட்டுற கேஸ் மட்டம்

சிலிண்டர்ல கேஸ் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்க எங்க அம்மா ஈரத்துணியால அதை மேலருந்து கீழ வரைக்கும் தொடைப்பாங்க, மேல்பாதி சட்டுனு காஞ்சிரும், கீழ மட்டும் கொஞ்ச நேரம் ஈரமாவே நிக்கும், அந்தக் கோடுதான் உள்ள திரவம் இருக்கற மட்டம். போன வாரம் நானும் அதையே செஞ்சேன், பக்கத்துல நின்ன பொண்ணு, தாத்தாவுக்கு வச்சிருந்தோமே ஆக்சிஜன் சிலிண்டர், அதுலயும் இப்படி கோடு தெரியுமாப்பான்னு கேட்டா. தெரியாதும்மா. அதுல திரவமே கிடையாது, காத்தழுத்தத்தைப் போல சுமார் 150 மடங்கு அமுக்கி அடைச்சும் அது வாயுவாவேதான் இருக்கு.

அமுக்கினா மட்டும் பத்தாது, அதான் விஷயம். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வெப்பநிலை இருக்கு, அதுக்கு மேல போயிட்டா என்ன அமுக்கு அமுக்கினாலும் திரவமாகாது. 1869ல தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடுல இதைக் காட்டினார், அதுக்கு 31 டிகிரி. அடுப்பு கேஸ்ல இருக்கற புரோபேனுக்கு 97, பியூட்டேனுக்கு 152, அதனால நம்ம சித்திரை வெயில்லயும் அமுக்கினாலே போதும். ஆக்சிஜனுக்கு மைனஸ் 118! இது புரியாத காலத்துல ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜனுக்கெல்லாம் நிரந்தர வாயுன்னே பேர் வச்சிருந்தாங்க.

அவ்ளோ குளிருக்கு எங்க போறது? 1895ல ஜெர்மனில கார்ல் லிண்டே செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிக்கும். காத்தை நல்லா அமுக்கி, அதுல வர்ற சூட்டை எடுத்துட்டு, ஒரு சின்ன வால்வு வழியா விரிய விட்டார், விரியறப்ப மூலக்கூறுங்க ஒண்ண ஒண்ணு இழுக்கறதை மீறி விலகணும்ல, அதுல கொஞ்சம் குளிரும், அந்தக் குளிர்ந்த காத்தையே திருப்பி அனுப்பி உள்ள வர்ற காத்தைக் குளிர வச்சார், இப்படி சுத்தச் சுத்த குளிர் ஏறிட்டே போயி கடைசில காத்து சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. வெளிலருந்து ஐஸ் எதுவும் தேவைப்படல, காத்தே காத்தைக் குளிர வச்சிருச்சு.

ஹைட்ரஜன் மட்டும் அடம் பிடிச்சுது, நம்ம அறை வெப்பத்துல விரியவிட்டா அது குளிராம சூடாகுது. அதனால முதல்ல திரவக் காத்தால குளிர வச்சு அப்புறம் விரியவிட்டாங்க, 1898ல ஜேம்ஸ் டூவார் ஜெயிச்சார். அடுத்து ஹீலியம், அதுக்கு அந்தத் திரவ ஹைட்ரஜனே படிக்கட்டு. 1908 ஜூலை 10, நெதர்லாந்துல லைடன், காமர்லிங் ஒன்னஸ் ஆய்வகத்துல விடிகாலைல ஆரம்பிச்ச வேலை, சாயங்காலம் ஆகியும் கண்ணாடிக் குடுவைல ஒண்ணும் தெரியல. கீழருந்து வெளிச்சம் அடிச்சுப் பாத்தப்பதான், மைனஸ் 269 டிகிரில, கண்ணாடி ஓரமா கத்தி முனை மாதிரி ஒரு மெல்லிசுக் கோடு. திரவ மட்டம்.