முதலில் அளவு, பிறகு போர்டு: ஊர்ப் பிரச்சினைக்கு மாணவர் புராஜெக்ட் செய்யும்போது

தலைப்பை எழுதும்போதே பாதி புராஜெக்ட்டுகள் சறுக்கிவிடுகின்றன. “தண்ணீர் விரயத்தைத் தடுக்கும் ஸ்மார்ட் அமைப்பு” என்கிற தலைப்பில் யாருடைய தண்ணீர், எந்தத் தொட்டி, நாளுக்கு எவ்வளவு என்று எதுவுமே இல்லை. “மோட்டாரை அணைக்க மறப்பதால் விடுதியின் மேல்நிலைத் தொட்டி வாரத்தில் நான்கு நாள் வழிகிறது, ஒவ்வொரு முறையும் சுமார் 180 லிட்டர் போகிறது” என்று எழுதினால் அது பிரச்சினை. இப்படி ஒரு வாக்கியம் கையில் வரும்வரை எந்தப் பொருளும் வாங்க வேண்டாம்.

அந்த 180 லிட்டரைக் கண்டுபிடிக்க ஒரு வாளியும் கடிகாரமும் போதும். வழியும் குழாயின் கீழே 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை நொடி என்று மூன்று முறை பாருங்கள். சராசரி 40 நொடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். 12 நிமிடம் வழிந்தால் 180. தொடர்ந்து 14 நாள், எப்போது வழியத் தொடங்கியது, எப்போது நின்றது, யார் அணைத்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏழு நாள் போதாது. ஒரு விடுமுறையோ மழையோ குறுக்கே வந்தால் கணக்கே மாறிவிடும். கருவி பொருத்திய பிறகும் அதே 14 நாள், அதே முறையில் அளக்க வேண்டும். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி “முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு” என்பதுதான். “முன்பு” என்கிற எண்ணைப் பின்னால் போய் அளக்க வழியில்லை.

இந்த நோட்டு சில நேரம் புராஜெக்ட்டையே மாற்றிவிடும். வழிந்த நாட்களில் எல்லாம் மோட்டார் போட்டவர் வேலை முடிந்து கிளம்பிப் போயிருந்தார் என்று தெரிந்தால், எச்சரிக்கையை அவருக்கு அனுப்பிப் பயனில்லை, அங்கேயே இருப்பவருக்குப் போக வேண்டும். கருவியே தேவையில்லை, சுவிட்ச் பக்கத்தில் 20 நிமிட டைமர் போதும் என்றுகூடத் தெரியவரலாம். அப்படி வந்தால் அறிக்கையில் அதை மறைக்காதீர்கள்.

தொட்டி மட்டம்: எங்கே பிசகுகிறது

வழக்கமான கூட்டணி, ஒலியை அனுப்பி அது எதிரொலித்து வரும் நேரத்தால் தூரத்தை அளக்கும் எச்.சி.-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சாரும், நிரல் எழுதி இயக்கும் வைஃபை உள்ள சிறு போர்டான ஈஎஸ்பி32ம். முதல் பிசகு மின்னழுத்தத்தில். சென்சார் 5 வோல்ட்டில் ஓடுவதால் எதிரொலி நேரத்தைச் சொல்லும் அதன் எக்கோ பின்னிலும் (பின் என்பது ஒயர் இணைக்கும் முனை) 5 வோல்ட் வரும். ஈஎஸ்பி32 பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போர்டின் பின்னுக்கும், அதே பின்னிலிருந்து 2 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கும் (0 வோல்ட் முனை) இணைத்தால் 3.3 வோல்ட் அளவில் நிற்கும். ரெசிஸ்டர் இல்லாமலும் சில நாள் ஓடும், அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு பின் செத்துப்போனால் தவறை நிரலில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒலியை அனுப்பச் சொல்லும் டிரிக்கர் பின்னுக்கு 10 மைக்ரோநொடி துடிப்பு கொடுத்து, எக்கோ நீளத்தை மைக்ரோநொடியில் எடுத்து 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் கிடைக்கும். இந்த 58, சுமார் 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்பதிலிருந்து வந்தது. ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. மூடிய தொட்டிக்குள் காற்று 40 டிகிரி இருந்தால், உண்மையில் 100 செ.மீ. தள்ளி இருக்கும் நீரை 96 அல்லது 97 என்று காட்டும். “மதியம் மட்டும் தொட்டி கொஞ்சம் நிரம்பியதாகக் காட்டுகிறது” என்கிற புதிருக்கு இதுதான் விடை. வெப்பநிலை சென்சார் ஒன்றைச் சேர்த்துத் திருத்தலாம், அல்லது இந்தப் பிழை உங்கள் தேவைக்குப் பொருட்டல்ல என்று கணக்கோடு எழுதலாம். இரண்டுமே மதிப்பெண் தரும்.

ஒரே ஒரு அளவை நம்பாதீர்கள். 60 மில்லிநொடி இடைவெளியில் ஐந்து அளவு எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் நீர் அலையில் வந்த ஒரு தவறான எக்கோ முழுக் கணக்கையும் இழுத்துவிடும். சென்சாரின் ஒலி கூம்பாக விரிவதால், நீர் விழும் குழாய்க்கும் பக்கச் சுவருக்கும் தள்ளிப் பொருத்த வேண்டும். திறந்த முகமுள்ள எச்.சி.-எஸ்ஆர்04 ஈரத்தில் நாளடைவில் கெடும். நீர்புகா வகையை வாங்கினால் அதற்கு வேறொரு குறை: முகத்திலிருந்து 20, 25 செ.மீ.க்குள் இருப்பதை அதனால் அளக்க முடியாது. மூடியின் உள்பக்கம் அப்படியே ஒட்டினால், தொட்டி நிரம்பும் நேரத்தில், அதாவது நமக்கு வேண்டிய நேரத்தில்தான், தப்பான எண் வரும். வழியும் மட்டத்துக்கு மேல் 30 செ.மீ. இடைவெளி கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.

செ.மீ.யை லிட்டராக்குவது எளிது. உருளைத் தொட்டியின் உள் ஆரம் 55 செ.மீ. என்றால் ஒவ்வொரு செ.மீ. உயரமும் சுமார் 9.5 லிட்டர்.

எச்சரிக்கைக்கு ஒரே எல்லை வைத்தால் அலையடிக்கும் நீர் 90 விழுக்காட்டுக்கு மேலும் கீழும் போய்வர, ஐந்து நிமிடத்தில் நாற்பது செய்தி வரும். அடுத்த நாள் அந்த எண்ணையே தடுத்துவிடுவார்கள். 90இல் ஒரு முறை அனுப்பி, மட்டம் 80க்குக் கீழே இறங்கிய பிறகே அடுத்த எச்சரிக்கைக்குத் தயாராகும்படி எழுதுங்கள். இதைவிட ஆபத்து, செத்துப்போன கருவி. செய்தி வரவில்லை என்றால் தொட்டி நிரம்பவில்லை என்றே எல்லோரும் நினைப்பார்கள். 15 நிமிடத்துக்கு ஒரு முறை “இருக்கிறேன்” என்று கருவி பதிவிடட்டும். மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால் திரையில் பழைய எண்ணை அழித்துவிட்டு “தகவல் இல்லை” என்று காட்டுங்கள்.

போர்டு இயக்கும் மின்சுவிட்சான ரிலே வழியாக மோட்டாரைத் தானாக அணைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னோட்டம் வழக்கத்தைவிடப் பல மடங்கு எகிறும். சிறு ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் அணையவே அணையாது. எச்சரிக்கையோடு நிறுத்துங்கள். தானியங்கிப் பகுதி கட்டாயம் வேண்டுமென்றால், உரிமம் பெற்ற மின்பணியாளர் பொருத்தும் கான்டாக்டர் (மோட்டார் போன்ற பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) வழியாக மட்டும்.

கருவி இல்லாத புராஜெக்ட்டுகள்

எரியாத தெருவிளக்கு, சாலைப் பள்ளம், குப்பை தேங்கும் இடம் ஆகியவற்றுக்கு சென்சாரைவிட நல்ல படிவம் தேவை. தெருப் பெயரைத் தட்டச்சு செய்யவிட்டால் ஒரே தெரு ஐந்து எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கும், பட்டியலிலிருந்து தேர்வு செய்யவையுங்கள். தேதியை ஆள் நிரப்பக்கூடாது, 3/4 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று பிறகு யாருக்கும் தெரியாது. இணையம் விட்டுவிட்டு வரும் இடமென்றால் கோபோ டூல்பாக்ஸ் போல, போனிலேயே சேமித்துப் பிறகு அனுப்பும் கருவியை எடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையில் ஐந்து தசம இலக்கம் போதும், அது ஒரு மீட்டர் அளவு நுட்பம். ஆனால் போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும், கட்டடங்களுக்கு நடுவே இன்னும் அதிகம். அடுத்தடுத்த இரண்டு விளக்குகளை வரைபடத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, கம்பத்தின் எண்ணையும் கேளுங்கள். பயன்படுத்தப் போகாத எதையும், குறிப்பாகப் பெயரும் போன் எண்ணும், வாங்காதீர்கள்.

எஸ்எம்எஸ் அனுப்புவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள்: ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் 70தான். “தொட்டி” நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணினிக் கணக்கில் ஆறு. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகி, துண்டுக்கு 67 என்று செலவு பெருகும். வாசகத்தை முன்பே எண்ணிச் சுருக்கிவையுங்கள்.

படத்தைப் பார்த்துக் குப்பையை வகைபிரிக்கும் செயற்கை நுண்ணறிவு புராஜெக்ட்டுகளில் “துல்லியம் 97 விழுக்காடு” என்று பெருமையாக எழுதுவதைப் பார்க்கலாம். பயிற்சிப் படமும் சோதனைப் படமும் ஒரே மேசையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே நாளில் எடுத்தவை என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சோதனைப் படங்களை வேறு நாளில் வேறு இடத்தில் எடுங்கள். எண் குறையும், குறைந்த எண்ணையே எழுதுங்கள்.

வாய்மொழித் தேர்வும் செய்துகாட்டலும்

முடிவுகளை இப்படி எழுதுவது நல்லது: எத்தனை முறை தொட்டி நிரம்பியது, அதில் எத்தனை முறை சரியான எச்சரிக்கை, எத்தனை முறை தவறவிட்டது, எத்தனை முறை வீணாக அலறியது. தவறியவற்றுக்கு ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லும் மாணவரிடம் தேர்வாளர் அதிகம் குடைவதில்லை. “நீங்கள் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்” என்ற கேள்வி நிச்சயம் வரும். சார்ஜ் எப்போது, கடவுச்சொல் யாரிடம், கெட்டால் எந்த ஒயரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத் தாள் எழுதி, அதை அங்குள்ளவர் கையில் கொடுத்து, உங்கள் உதவியின்றி ஒரு முறை கருவியை அணைத்துப் போடச் சொல்லிப் பாருங்கள்.

செய்துகாட்டும் நாளில், ஒயர்களைச் செருகி மட்டும் இணைக்கும் பிரெட்போர்டை எடுத்துப் போகாதீர்கள், வழியில் ஒரு ஒயர் கழன்றால் தேடி மாளாது. சால்டர் செய்த, அதாவது ஒயர்களைப் பற்றவைத்த போர்டுதான் வேண்டும். போர்டு தானாக மீண்டும் மீண்டும் தொடங்கினால், நிரலைத் தொடும் முன் யுஎஸ்பி கேபிளை மாற்றுங்கள். வைஃபை அனுப்பும் நொடியில் ஈஎஸ்பி32 அதிக மின்னோட்டம் இழுக்கும், மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் சரியும். போன் ஹாட்ஸ்பாட்டை நம்பிப் போகிறவர்கள் அதை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டுப் போங்கள். வழக்கமான ஈஎஸ்பி32 போர்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது, பட்டியலில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரே வராது.