சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை

வீட்டை வாடகைக்கு விடும்போது அட்வான்ஸ், தண்ணீர்க் கட்டணம், சுவரில் ஆணி அடிக்கலாமா கூடாதா என்பது வரை பேசி முடிக்கும் நாம், மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. வேளச்சேரியில் இரண்டு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கும் நான், புதிதாகக் குடிவருபவரிடம் சாவியைக் கொடுக்கும் அன்றே அவர் குடும்பத்தாரை, முக்கியமாகப் பகலில் வீட்டில் தனியாக இருக்கப்போகும் பெரியவர்களை, அழைத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றிவருவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் பெட்டியில் எந்த மெயின் எந்தப் போர்ஷனுக்கு என்று பெயின்ட்டால் எழுதியிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்கசிவு ஏற்பட்டாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அவர்களையே அழுத்திப் பார்க்கச் சொல்வேன். அது அடிக்கடி விழுகிறதே என்று பைபாஸ் செய்துகொடுக்கும் எலக்ட்ரீஷியன்களும் ஊரில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைப் படியேற விடக் கூடாது.

சமையலறையில்தான் அதிக நேரம் நிற்போம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு தங்கிவிடும். வாடை வந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட ஓடுவதுதான் பலருடைய வழக்கம். அந்த ஸ்விட்சில் எழும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ செய்யாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து, வெளியே வந்த பிறகே எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண்ணான 1906-ஐ அழைக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வேலைக்காக வருபவர்களுக்கு எங்கள் பகுதியின் மழை புதிது. 2015 டிசம்பரிலும் 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் இங்கே தெருக்களில் தண்ணீர் நின்றது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனே, வெள்ளத்தில் மூழ்காமலிருக்க மேம்பாலத்தில் ஏற்றிவிட்ட கார்கள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். எனக்கென்னவோ அது நியாயமாகவே பட்டது. தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும் என்றும், வடிந்த பிறகு சம்ப்பை இறைத்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடும் வரை மோட்டாரைப் போடக் கூடாது என்றும் கீழ்ப்போர்ஷனில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சம்ப் கழுவும் செலவு என்னுடையது.

2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒயரிங்கையும் குழாய் மாற்றுவதையும் உரிமையாளரின் பொறுப்பாகவும், குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட் போன்ற சில்லறை வேலைகளைக் குடியிருப்பவரின் பொறுப்பாகவும் பிரித்திருக்கிறது. ஆனால் நள்ளிரவில் குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீர் ஓடும்போது யார் பொறுப்பு என்று போனில் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அவசர வேலையாக இருந்தால் என்னைக் கேட்காமலே பிளம்பரை அழைக்கலாம், ரசீதைக் காட்டி அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு இந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும்.