37 வயதில் பாத மருத்துவம் படிக்கப் போனேன்

"காலைப் பிடிக்கிற வேலைக்கா மூன்று வருடம் படிக்கப் போகிறாய்?" 2019 இல் பெரியம்மாவின் மகள் தொலைபேசியில் இப்படிக் கேட்டார். அப்போது நான் லண்டனில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் பதினோராவது வருடமாகக் காசாளராக இருந்தேன். பிள்ளைகள் இருவரும் ஆரம்பப் பாடசாலையில். அக்கா கேட்டது எனக்கு வலித்தது. ஆனால் என் அப்பாவின் காலை உரிய நேரத்தில் யாராவது பிடித்துப் பார்த்திருந்தால் அது போயிருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இருபது வருடச் சலரோகம், அதாவது நீரிழிவு. 2014 இல் யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் தேரன்று வெறுங்காலோடு வெயிலில் சுற்றிவிட்டு வந்தார். உள்ளங்கால் கொப்பளித்ததை அவர் உணரவேயில்லை. இரவு பாயில் கறையைக் கண்ட அம்மாதான் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். மூன்று மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 2016 இல் அப்பாவும் போய்விட்டார். அவருடைய பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று அந்த இருபது வருடத்தில் எவரும் தொட்டுப் பார்த்ததில்லை.

அப்படி ஒரு பரிசோதனை இருப்பதே மாமியை வருடாந்தப் பாதப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. மொழிபெயர்க்கப் போனேன். ஒரு பெண் மெல்லிய நைலோன் இழை ஒன்றை மாமியின் பெருவிரலில் வைத்து அழுத்தினார். சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. அந்தத் தொடுகை தெரியாவிட்டால் காலுக்குக் காவல் போய்விட்டது என்று பொருள். பிறகு அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க இசைக்கவை, பிறகு பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். மாமி ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்திருந்தார்.

ஊரில் படித்த உயர்தரம் பழையதாகிவிட்டதால், முதலில் பல்கலைக்கழக நுழைவுக்கான ஒருவருட டிப்ளோமாவை முடிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் தூங்கிய பின் உயிரியல் படித்தேன். விண்ணப்பம், நேர்முகம் எல்லாம் நான் பயந்த அளவுக்கு இல்லை. நேர்முகத்தில் ஏன் பாதம் என்று கேட்டார்கள். அப்பாவைச் சொன்னேன்.

பணக் கணக்கைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆகவே திறந்தே சொல்கிறேன். கல்விக் கட்டணம் அப்போது வருடத்துக்கு 9,250 பவுண். அது அரசுக் கடன். இங்கிலாந்தில் 2020 செப்டம்பரில் தொடங்கிய சுகாதார மாணவர் உதவித் திட்டம் என் முதல் வருடத்தோடு ஒத்துவந்தது. வருடத்துக்கு 5,000 பவுண், பாத மருத்துவத்துக்கு ஆள் பற்றாக்குறை என்பதால் இன்னுமோர் 1,000, பிள்ளைகள் இருப்பதால் 2,000. இந்த உதவியில் எதையும் திருப்பிக் கட்டத் தேவையில்லை. இந்த 8,000 இல்லாவிட்டால் நான் இதைத் தொட்டிருக்கவே முடியாது. வாரஇறுதி வேலையையும் விடவில்லை.

பலர் என்னிடம் குறுகிய காலப் பாடநெறியைப் பற்றிக் கேட்கிறார்கள். சில மாதங்களில் நகம் வெட்டவும் தடித்த தோலைச் சீவவும் பழகித் தொழில் தொடங்கலாம், உண்மைதான். ஆனால் பிரிட்டனில் பாத மருத்துவரைக் குறிக்கும் பொடியாட்ரிஸ்ட், சிரோப்பொடிஸ்ட் என்ற இரு பெயர்களும் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. எச்.சி.பி.சி. என்ற பேரவையில் பதிவு பெறாதவர் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. பதிவுக்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டம் வேண்டும். மூன்று வருடம் பெரிதாகத் தெரிந்தால், பட்டம் படித்துவிட்டு நீங்கள் எந்தக் கதவைத் தட்ட விரும்புகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். எனக்கு வேண்டியிருந்தது ஆறாத புண் பார்க்கும் கிளினிக். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

முதல் வருடம் கோவிட்டில் கழிந்தது. சமையலறை மேசையில் விரிவுரை; ஸ்கால்பெல் என்ற சிறு கத்தியைப் பிடிக்கச் சவர்க்காரக் கட்டியில் பயிற்சி. தாள் போல மெல்லிய சீவலாக வரும்வரை சீவ வேண்டும். கை நடுங்கினால் சவர்க்காரம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வருடம் ஒரு விரிவுரையில் வேலூர் என்ற சொல் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1914 இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற வைத்தியர், 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் கைகால்கள் தாமாக அழுகவில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்று காட்டியவர். பிற்பாடு அமெரிக்காவில் அதே அறிவைச் சலரோகப் பாதங்களுக்கும் கொண்டுபோனார். வலி ஒரு வரம் என்பதை அப்பாவின் காலைக் கண்ட எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிகிச்சைப் பயிற்சி மட்டும் ஏறத்தாழ 1,000 மணித்தியாலம். விரலை மரக்கச் செய்யும் ஊசி, உள்வளர்ந்த நகத்தின் ஓரத்தை எடுத்து அது மீண்டும் வளராதிருக்கப் பீனால் என்ற மருந்து வைத்தல், புண்ணைச் சுத்தம் செய்தல் எல்லாம் அங்கேதான் கைக்கு வந்தன. இரண்டாம் வருடத்தில் எழுபது கடந்த தமிழ் ஐயா ஒருவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், நான் குனிந்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "நீ என் காலைத் தொடக் கூடாது, பிள்ளை" என்றார். வெட்கமும் கூச்சமுமாக அவர் முகம் சிவந்திருந்தது. "அப்பாவின் காலென்று நினைத்துக்கொள்கிறேன், ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் காலை நீட்டினார். குதிகாலில் காசளவு புண். அது இருப்பதே அவருக்குத் தெரியாது. சலரோகப் பாதத்தில் புண் கண்டால் ஒரு வேலை நாளுக்குள் சிறப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது இங்குள்ள வழிகாட்டல். அன்று மாலைக்குள் அனுப்பினோம்.

2023 இல் பதிவு கிடைத்து, அரச சுகாதார சேவையில் பேண்ட் 5 என்ற சம்பளத் தரத்தில் சேர்ந்தேன். ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு 28,407 பவுண், லண்டனின் புறப்பகுதிக்கான கொடுப்பனவாக மேலும் சுமார் 15 விழுக்காடு. வரி, ஓய்வூதியத்துக்குப் பத்தில் ஒரு பங்களவு, எல்லாம் போகக் கையில் வந்தது மாதம் 1,900 சொச்சம். கடையில் மேற்பார்வையாளராகிவிட்ட என் தோழியின் சம்பளத்திலிருந்து அது பெரிதாகத் தள்ளி இல்லை. முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கணவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சம்பளத்துக்காக மட்டும் வருபவர் அந்த முதல் இரண்டு வருடத்தில் மனம் உடைந்துபோவார். இந்தப் பொறுப்புக்கு இந்தக் கூலி குறைவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

2025 இல் புண் கிளினிக்கில் பேண்ட் 6 இடம் கிடைத்தது. ஆரம்பம் 38,682 பவுண், கொடுப்பனவு தனி. உடன் படித்தவர்களில் சிலர் தனியார் கிளினிக் போட்டு என்னைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள். நான் போகவில்லை. அப்பாவைப் போன்றவர்கள் காசு கொடுத்துக் கால் காட்ட வரமாட்டார்கள்.

ஞாயிறுகளில் யாழ்ப்பாணத்துக்கு வீடியோ அழைப்பு. அம்மாவுக்கும் இப்போது சலரோகம். கருவி எதுவும் வேண்டாத ஒரு சோதனையைத் தம்பிக்குப் பழக்கியிருக்கிறேன். அம்மா கண்ணை மூடிக்கொள்வார். தம்பி இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒரு கணம் மெல்லத் தொடுவான். எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு தவறினால் ஆபத்து. போன வாரம் வலது சின்னவிரலை மட்டும் தவறவிட்டார். கண் திறந்ததும், "ஏன் தம்பி, இன்னும் தொடவில்லையா?" என்று கேட்டார்.