பதினான்காவது லாச்சி

2024 ஏப்ரல் 2

மறைந்த எங்கள் சேரின் மனைவி, ரீச்சர், திறப்புக் கோவையை முழுவதுமாக என் கையில் தந்துவிட்டார். அலுமாரியின் திறப்பை மட்டும் கழற்றித் தருவார் என்றே நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 4

பதினான்காவது லாச்சியை இழுத்தபோது ஊரி என்னும் நத்தை ஓடுகளின் மேல் மா தூவியது போல வெள்ளைத் தூள் படிந்திருந்தது. பூஞ்சணம் என்று முதலில் எண்ணினேன். முகர்ந்தால் வினாகிரி வாடை வந்தது. பலகையிலிருந்து கசியும் அமில ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து ஓட்டின் சுண்ணாம்பை அரித்து உப்பாக்கிவிடும் என்று சேர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்காகவே ஓய்வுபெற்ற நாள் முதல் இரும்பு அலுமாரிக்குக் காசு சேர்த்தார். அந்தக் காசு பிறகு மருந்துக்குப் போயிற்று.

ஒவ்வோர் ஓட்டையும் நன்னீரில் கழுவி, மெல்லிய தூரிகையால் சுருள்களின் இடுக்கைத் துடைத்து, மின்விசிறியின் கீழ் பரப்பினேன். மொத்தம் 46. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் அட்டை இல்லை. சின்னவிரல் நீளம், நுனி முறிந்தது, வாயின் உட்புறத்தில் கறுப்பு மையால் 212 என்ற எண், சேரின் கையெழுத்தில். எடுத்த இடமும் நாளும் எழுதாத ஓட்டை அவர் மேசையில் வைக்கவே விடமாட்டார். அப்படிப்பட்டவரின் லாச்சியில் இது எப்படி நேர்ந்தது?

ஏப்ரல் 5

பதினைந்தாவதிலும் தூள்.

ஏப்ரல் 8

கொழும்பு நூதனசாலையில் சேர் வேலை பார்த்த ஆண்டுகளைப் பற்றி ரீச்சர் இன்று தானாகவே பேசினார். மட்டக்களப்பிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் இரவெல்லாம் பேருந்தில் இருந்துவிட்டு, 1877 இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடத்தின் வாசலில் இறங்கும் பிள்ளைகள், தூக்கக் கலக்கத்தோடு கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்து போவதைப் பார்க்கப் பொறுக்காமல், தமிழில் விளக்கம் சொல்லும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

நானும் அப்படிப் போன பிள்ளைதான். 1894 இல் அம்பலாங்கொடையில் கரையொதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு முன் எங்களை நிறுத்தி, அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், வாலிலிருந்து தலைவரை அடியளந்து நடக்கச் சொன்னார். பிறகு அதன் துடுப்பைக் காட்டி, உங்கள் கையை விரித்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று எங்கள் கையிலுள்ள அதே ஒழுங்கு அங்கேயும் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போன பின்னும் என் உள்ளங்கையைப் பார்த்தபடியே நின்றேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து தானும் நின்றார்.

ஏப்ரல் 13

வருடப்பிறப்பு. இந்த வீட்டில் மருத்துநீர் வைக்கவில்லை.

ஏப்ரல் 16

மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சேரின் மகள் வெளிநாட்டிலிருந்து மறுபடியும் அழைத்துச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்று நான் ஏறி இறங்கிய அலுவலகத்தை மன்னிக்க முடியவில்லை. சேகரிப்பின் பெறுமதி எத்தனை ரூபாய் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். பழைய பறவைத் தோல்களில் ஆர்சனிக் பூசியிருக்கும், வெறுங்கையால் தொடக்கூடாது என்று நான் எச்சரித்ததும், அப்படியானால் எதுவுமே வேண்டாம் என்று கோப்பை மூடிவிட்டார்கள். ஓடுகளையாவது பாருங்கள் என்று கெஞ்சினேன். 212 என் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஏப்ரல் 19

சேரின் அந்தியேட்டிச் சடங்கு. சனம் கலைந்த பிறகு ரீச்சர் கட்டிலின் கீழிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் தந்தார். உள்ளே சேரின் குறிப்பேடுகள், மொத்தம் பன்னிரண்டு. 2004 டிசம்பர் 26 இல் கல்லடி வீட்டுக்குள் கடல் புகுந்தபோது நனைந்தவை என்றும், இவற்றைத் திறக்கும் தைரியம் அதன் பிறகு சேருக்கு வரவேயில்லை என்றும் சொன்னார். பேனா மை கரைந்துவிடும், பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று எங்களை அவர் அதட்டியது எவ்வளவு சரி! மூன்றாவது ஏட்டில் 207 வரை ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக இருக்கிறது. அதற்கடுத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து பலகையாகிவிட்டன.

ஏப்ரல் 20

ஈரத்துணி விரித்த பெட்டிக்குள் ஏட்டை வைத்து மூடியிருக்கிறேன். நனையக்கூடாது, இளகினால் போதும்.

ஏப்ரல் 23

சித்திரா பௌர்ணமி. தோணிக்கார அண்ணன் மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்துக்கருகே கொண்டுபோய் நிறுத்தினார். துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் இறக்கி மறுமுனையைக் காதோடு வைத்து, நீருக்கடியில் எழும் பாட்டொலியைக் கேட்பதற்கு, ஒவ்வோர் ஆண்டும் இதே காலத்தில் சேர் எங்களைக் கூட்டிவருவார். பாடுவது மீனா, ஊரியா என்று நாங்கள் சண்டை பிடிப்போம். 1848 இல் இங்கே வந்து கேட்ட ஆங்கிலேய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும் ஒலிக்கு அதை ஒப்பிட்டு எழுதியதையும், ஊரிதான் பாடுகிறது என்று மீனவர்கள் சொல்வதையும், இரண்டையும் ஒரே மரியாதையோடு சொல்லிவிட்டு, நீ கேட்டதை மட்டும் எழுது என்பார்.

இன்று கேட்டேன். தந்தியை மெல்லச் சுண்டியது போல ஒன்று, சற்றுத் தள்ளித் தாழ்ந்த சுருதியில் இன்னொன்று. இரவு 10.40, காற்று இல்லை, நீர் ஏறிக்கொண்டிருந்தது. பென்சிலால் எழுதினேன். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் நெடுநேரம் தோணியிலேயே இருந்தோம். அண்ணனும் அவரிடம் படித்தவர்.

ஏப்ரல் 26

மூங்கில் ஈர்க்கை இடையே செலுத்தி அரைத்தாளைப் பிரித்துவிட்டேன். 212 தெரிகிறது. பக்கத்தில் ‘முகத்துவாரம், கண்ணா மர வேரடி, பிள்ளைகளோடு’ என்று இருக்கிறது. நாள் எழுதிய மூலை இன்னும் ஒட்டியபடியே கிடக்கிறது. பெட்டியை மறுபடி மூடினேன்.