மட்டியின் பூவில் ஓடும் அலை

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வாவியில் எடுத்த மட்டி ஒன்றைத் திறந்து, அதன் பூவில், அதாவது செவுளில், சின்னத் துண்டொன்றை வெட்டி நுணுக்குக்காட்டியின் கண்ணாடி வழுக்கியில் வைத்தேன். உடம்பைவிட்டுப் பிரித்த பிறகும் செவுளில் உள்ள மயிர் போன்ற நுண்ணிய பிசிர்கள் மணிக்கணக்காக அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் மட்டி கிடந்த அதே வாவித் தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் பட்டால் கலங்கள் ஊதிச் செத்துவிடும். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான மூடித்துண்டின் விளிம்பில் கொஞ்சம் வாஸ்லின் பூசினால் துண்டு நசுங்காது, தண்ணீரும் சீக்கிரம் காயாது.

ஒரு பிசிரின் தடிப்பு சுமார் 0.2 மைக்ரோமீற்றர். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி பிரித்துக் காட்டக்கூடிய எல்லையே ஏறக்குறைய அவ்வளவுதான். 40 மடங்குப் பொருள்வில்லையில் முதலில் வெறும் நடுக்கம்தான் தெரிந்தது. ஒளியைக் குவிக்கும் ஒடுக்கிக்குக் கீழே கறுப்பு மட்டையால் பாதி வெளிச்சத்தை மறைத்தேன். சாய்ந்து வந்த ஒளியில் செவுள் இழையின் ஓரம் பளிச்சென்று எழும்பியது. "ஒரு மட்டிக்கு இவ்வளவு பாடா மனே?" என்று அம்மா கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம்தான் விஷயமே. ஒரு பிசிர் அடிக்க, பக்கத்தில் உள்ளது சற்றுப் பிந்தி அடிக்கிறது, அதற்கடுத்தது இன்னும் சற்றுப் பிந்தி. அதனால் ஓரம் முழுக்க ஓர் அலை ஓடுகிறது. போனில் நொடிக்கு 30 பிரேம் வைத்து எடுத்தால் அந்த அலை ஒரு திசையில் போகிறது. 240 வைத்தால் எதிர்த் திசையில். நம்ப வேண்டியது 240ஐத்தான்.

அந்த 240 பிரேம் வீடியோவை இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் போட்டு, ஓரத்தின் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்து, ஒவ்வொரு பிரேமிலும் அந்தக் கோட்டை மட்டும் வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். அலைகள் சாய்ந்த பட்டைகளாக விழுந்தன. சாய்வு அலையின் வேகம்; பட்டைகளுக்கு இடையில் சுமார் 12 பிரேம், அதாவது பிசிர் நொடிக்கு 20 தடவை அடிக்கிறது. 30 பிரேமில் எடுக்கும்போது அடுத்த பிரேம் வருவதற்குள் பிசிர் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கை முடித்துவிடுகிறது. கண் அதைப் பின்னோக்கிய சின்ன நகர்வாக எடுத்துக்கொள்கிறது.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, பாலை நன்றாக ஐதாக்கி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அலை இழையின் நீளத்துக்கு ஓட, கொழுப்புத் துணிக்கைகள் இழைகளின் இடுக்கால் குறுக்கே போயின. அலை போகும் பக்கம்தான் தண்ணீரும் போகும் என்றில்லை. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள்; கல்லடிப் பாலத்தடியில் பாடுவது மீனல்ல, ஊரி என்ற சிப்பி வகை உயிர்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. என் வழுக்கியில் பாட்டு ஒன்றும் கேட்கவில்லை.

மாரி மழையில் வாவியின் உப்பு குறைந்ததும் அந்தத் தண்ணீரிலேயே இன்னொரு துண்டு வைத்து, 12 பிரேம் எத்தனையாக மாறுகிறது என்று அளக்க வேண்டும்.