செம்பனைக்குள் போகும் ரோடும் என் மோட்டாரின் எல்இடி லைட்டும்

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, மணி 11.40 இருக்கும். மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே இருக்கிற தொழிற்சாலையில் மாலை ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பெரிய ரோட்டை விட்டுத் தோட்டத்து ரோட்டில் திரும்பினால் நாங்கள் குடியிருக்கும் லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) வரைக்கும் 4 கிலோமீட்டர். ஒரு தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் செம்பனை மட்டுமே.

ஆலைக்குப் போன லோரியிலிருந்து விழுந்த ஒரு செம்பனைக் குலை நட்டநடு ரோட்டில் கிடந்தது. என் கண்ணில் பட்டபோது அதற்கும் முன்சக்கரத்துக்கும் இடையே இரண்டு மோட்டார் நீளம் இருந்தால் பெரிது. இடது பக்கம் ஒடித்தேன், புல்லில் சறுக்கி விழுந்தேன். முட்டியில் தோல் போனதோடு தப்பித்தேன். 20 கிலோ குலை, முள்ளு முள்ளாக. நேராக ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

எழுந்து உட்கார்ந்து என் லைட்டைப் பார்த்தேன். சாமி மாடத்து விளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் கடக்கிறோம். கண் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி, நிற்க இன்னும் அவ்வளவு தூரம். ஆக 30 மீட்டராவது முன்னால் தெரிய வேண்டும். என் லைட் அதில் பாதியைக்கூடக் காட்டவில்லை. எட்டு வருஷமாக அந்த வெளிச்சத்தில்தான் ஓட்டியிருக்கிறேன்.

அந்த வாரமே பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு எல்இடி பல்பு வாங்கினேன், 18 வெள்ளி (ரிங்கிட்). பெட்டியில் வெளிச்சத்தின் அளவு 20000 லூமன், நிறம் 6500 கெல்வின் என்று போட்டிருந்தது. மாட்டிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது. முதல் இரவு எனக்கு ஒரே சந்தோஷம். ரோடெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. மூன்றாவது இரவுதான் ஒன்று கவனித்தேன்: செம்பனை மட்டைகள் உச்சி வரைக்கும் பளிச்சென்று தெரிகின்றன, ரோட்டில் கிடக்கிற கல் தெரியவில்லை. முடுக்கைக் குறைத்தால் லைட் படபடவென்று துடித்தது.

நாலாவது இரவு எதிரே ஒரு மோட்டார் வந்தது. வளைவில் அது திடீரென்று தடுமாறி, கால்வாய் ஓரத்தில் போய் நின்றது. நானும் நிறுத்தினேன். என் சித்தப்பா. பின்னால் சித்தி. முன்சக்கரம் கால்வாய் விளிம்பில் நின்றது. அரை அடி தள்ளியிருந்தால் இருவரும் உள்ளே விழுந்திருப்பார்கள்.

"யாரும்மா அது? நீயா?" என்று கையால் கண்ணை மறைத்துக்கொண்டு கேட்டார். "வர்றது மோட்டாரா லோரியான்னே தெரியல. ரோடு எங்க முடியுது, கால்வாய் எங்க ஆரம்பிக்குது ஒண்ணும் தெரியல. கண்ணுக்குள்ள வெள்ளையா இருந்துச்சு."

அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. சத்தம் போடவில்லை. சித்தி இறங்கி நின்று முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு குலை என்னைக் கீழே தள்ளியது என்பதற்காக நான் செய்த காரியம் இன்னொரு வீட்டுப் பெரியவர்களைக் கால்வாயில் தள்ளப் பார்த்தது. அன்றைக்கே பல்பைக் கழற்றிவிட்டேன்.

சனிக்கிழமை டவுனில் மோட்டார் பழுதுபார்க்கும் ஒரு போர்மேனிடம் கொண்டுபோனேன். இளம் பையன், ஆனால் கேட்டால் நின்று விளக்கிச் சொல்பவன். பழைய பல்பை எடுத்து அதன் அடியில் எழுதியிருப்பதைக் காட்டினான்: எச்எஸ்1 ரகம், 12 வோல்ட், 35/35 வாட்.

"அக்கா, இதுல ரெண்டு இழை இருக்கு. ஒண்ணு தூரமா அடிக்கிற ஹைபீமுக்கு, ஒண்ணு கிட்ட கீழ விழுற லோபீமுக்கு. லோபீம் இழைக்குக் கீழ கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கு பாருங்க. வெளிச்சம் கீழ்ப்பாதி கிண்ணத்துல பட்டா மேல எகிறும். அத மறைக்கத்தான் இந்தத் தகடு. நீங்க போட்ட பல்புல தகடும் இல்ல, வெளிச்சம் தர்ற எல்இடி சில்லு இருக்க வேண்டிய இடத்துலயும் இல்ல."

லைட்டின் உள்ளே இருக்கும் வெள்ளிக் கிண்ணம் அந்த மெல்லிய இழை நிற்கும் இடத்தைக் கணக்கு வைத்துச் செய்யப்பட்டது. வெளிச்சம் புறப்படும் இடம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் ரோட்டில் விழ வேண்டியது எதிரே வருபவரின் முகத்தில் விழும். அதோடு நான் வாங்கியது எச்4 என்ற வேறு ரகத்து அடி கொண்டது. பார்க்க எச்எஸ்1 மாதிரியே இருக்கும், பிடிப்புத் தகடு வேறு. பக்கத்து வீட்டுப் பையன் அழுத்தி மாட்டியதில் அது சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

லூமன் பற்றியும் கேட்டேன். எச்எஸ்1 ஆலஜன் பல்பு, அதாவது இழை வைத்த பழைய வகை, லோபீமில் தர வேண்டியது 525 லூமன், ஹைபீமில் 825. அவ்வளவுதான். அதை ஒழுங்காக ரோட்டில் போட்டாலே நம் வேகத்துக்கு நிறைய என்றான். 20000 என்று பெட்டியில் அச்சடித்தவர்களை நம்பி வாங்கியது என் தவறு.

பிறகு லைட்டின் முன்கண்ணாடியைத் தடவிக் காட்டினான். வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் மஞ்சளித்து, மேலே பாசி படர்ந்த மாதிரி இருந்தது. "முதல்ல இத தேய்ப்போம். புது ஆலஜன் போடுவோம். ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க. அப்புறம் எல்இடி வேணுமான்னு சொல்லுங்க."

பணம் பண்ணப் பார்க்காமல் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது. 1000 எண் தண்ணீர்த் தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), பிறகு 2000, கடைசியில் பாலிஷ். தேய்க்கும்போது வடிந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. தேய்த்து முடித்துப் புது ஆலஜன் போட்ட அன்றிரவே பாதிக் குறை தீர்ந்தது. எல்இடி வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மீதிப் பாதி தீரவில்லை. முடுக்கைக் குறைத்தால் ஆலஜனும் மங்கியது. வளைவிலும் மேடுபள்ளத்திலும் நாம் மெதுவாகப் போகும்போதுதான் வெளிச்சம் அதிகம் வேண்டும். அப்போது பார்த்துக் குறைந்தது. காரணம் இதுதான்: என் மோட்டார் பழைய கப்சாய் ரகம், சின்ன வண்டி; அதில் முன் லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வரவில்லை. என்ஜின் காயிலிலிருந்து ஏசியாக, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரமாக, நேரே வருகிறது. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் லைட்டும் மங்கும். ஆலஜன் இழை சூடாகவே இருப்பதால் துடிப்பு தெரியாது. எல்இடி சில்லு உடனுக்குடன் அணைந்து எரிவதால் அப்பட்டமாகத் தெரியும்.

அதற்கு அந்த மின்சாரத்தை ஒரே திசையில் பாயும் டிசி ஆக்க வேண்டும். மேக்னட் மூடியைத் திறந்து, காயிலின் ஒரு முனை என்ஜின் உடம்போடு எர்த் ஆகியிருந்ததைப் பிரித்து, தனி வயர் இழுத்து, இரண்டு முனைகளையும் ஏசியை டிசி ஆக்கும் புல்வேவ் ரெக்டிபையருக்குக் கொடுத்தான். லைட் இப்போது பேட்டரி வழியாக எரிகிறது. கூலி, பொருள் எல்லாம் சேர்த்து 130 வெள்ளி. ஒரு மதியம் முழுக்க ஆனது. முடித்ததும் மீட்டரை பேட்டரியில் வைத்துக் காட்டினான்: சும்மா நிற்கும்போது 12.9 வோல்ட், முடுக்கினால் 14.2. இந்த வேலையைத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். எர்த்தைச் சரியாகப் பிரிக்காவிட்டால் ரெக்டிபையர் போகும், பேட்டரியும் போகலாம்.

நம் நாட்டில் 1992ஆம் ஆண்டிலிருந்து மோட்டாரில் பகலிலும் லைட் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதனால் பேட்டரி தாங்குமா என்று பயந்தேன். ஆலஜன் 35 வாட் இழுக்கிறது, நான் இப்போது போட்டிருக்கும் எல்இடி அதில் பாதியைத் தொடவில்லை. இந்த ஐந்து மாதத்தில் ஒரு நாளும் ஸ்டார்ட் ஆகாமல் நின்றதில்லை.

பல்பு விஷயத்தில் இந்தத் தடவை அவசரப்படவில்லை. எச்எஸ்1 அடி. சில்லுகள் பல்பின் இரு பக்கமும், பழைய இழை இருந்த அதே இடத்தில். லோபீம் சில்லுக்குக் கீழே தகடு. நிறம் 4300 கெல்வின். இந்த நிறத்தைப் பற்றிப் போர்மேன் சொன்னதைவிட மழை எனக்கு நன்றாகப் புரியவைத்தது. பேராவில் மழை சும்மா தூறாது, கொட்டும். 6500 வெள்ளை மழையில் நம் கண்ணுக்கே திரும்பி அடிக்கிறது, ஈர ரோடு கறுப்பாகிவிடுகிறது. கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளையில் குழியின் விளிம்பு தெரிகிறது. விலை 75 வெள்ளி. பின்பக்கம் சூடு தணிக்கும் உலோகம் நீண்டிருந்ததால் ரப்பர் மூடி சேரவில்லை. அதை வெட்டாமல், அளவான வேறு மூடி தேடிப் போட்டோம். வெட்டியிருந்தால் முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர் கோத்திருக்கும்.

கடைசி வேலை பீமைச் சரிசெய்வது. இதைப் பலரும் செய்வதே இல்லை. தோட்டத்துக் கோயில் தலைவரிடம் கேட்டு, மண்டபத்து வெள்ளைச் சுவருக்கு முன் ஏழரை மணிக்கு மோட்டாரை நிறுத்தினோம். டயருக்குச் சரியாகக் காற்று, நான் மேலே உட்கார்ந்தபடி. லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 90 சென்டிமீட்டர். சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸ் கோடு. 10 மீட்டர் தள்ளி நின்று, லோபீமின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 15 சென்டிமீட்டர் கீழே விழும் வரை ஸ்குரூவைத் திருப்பினான் போர்மேன். 10 மீட்டருக்கு 15 என்றால் 60 மீட்டரில் வெளிச்சம் தரையைத் தொடும். எனக்கு வேண்டிய 30 மீட்டர் போக இன்னும் மிச்சம் இருக்கிறது. சுவரில் ஹைபீம் அடித்தபோது உள்ளேயிருந்த முருகன் படம் மின்னியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பின்னால் ஆள் உட்கார்ந்தால் மூக்கு தூக்கும், பீமும் தூக்கும். மகளை வைத்துக்கொண்டு ஒரு தடவை சுவரில் பார்த்தேன், கோடு ஒரு கையகலம் மேலே ஏறியது. ஆகவே அவளை ஏற்றிப் போகும் நாட்களில் ஒரு திருப்பு இறக்கிக்கொள்கிறேன்.

சுவர் சரி என்றது போதவில்லை எனக்கு. சித்தப்பாவிடம் போய், அதே வளைவில் எதிரே வந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார், வந்தார். மூன்று தடவை கடந்தோம். மூன்றாவது தடவை வண்டியை நிறுத்திச் சொன்னார்: "இப்ப நீ வர்றதும் தெரியுது, என் ரோடும் தெரியுது. லோபீம் எனக்கு ஒண்ணும் பண்ணல. ஆனா ஹைபீம ஆள் வர்றதுக்கு முன்னாலயே இறக்கிடும்மா, பக்கத்துல வந்து இறக்காத." வளைவுக்கு அப்பால் மரங்களில் வெளிச்சம் தெரிந்ததுமே இப்போது இறக்கிவிடுகிறேன்.

போன வாரம் மறுபடி ஒரு குலை கிடந்தது, பழைய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. தூரத்திலேயே தெரிந்தது. நிறுத்தி, இறங்கி, காலால் உருட்டி ஓரத்தில் தள்ளிவிட்டு வந்தேன்.

சித்தப்பாவின் மோட்டார் லைட் கண்ணாடி என்னுடையது இருந்ததைவிட மஞ்சள். வரும் சனிக்கிழமைக்கு 1000 தாளும் 2000 தாளும் வாங்கி வைத்திருக்கிறேன்.