ஒரே கிணறு, நாலு ஏற்றம்: போட்ஸ்வானாவில் வைரக் கணக்கு எழுதிய காலம்

போட்ஸ்வானா என்றதும் ஊரில் எல்லோரும் யானையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அங்கே அதிகம் பார்த்தது எக்செல் ஷீட். தலைநகர் கபோரோனில் வைரம் பட்டை தீட்டும் நிறுவனம் ஒன்றில் காஸ்ட் அக்கவுண்டன்ட் வேலை. ஒரு காரட் தீட்ட இங்கே எவ்வளவு ஆகிறது, வைரம் தீட்டுவதற்குப் பேர்போன குஜராத்தின் சூரத்தில் எவ்வளவு ஆகிறது என்று மாதாமாதம் போட்டுப் பார்ப்போம். சூரத்துக் கணக்கு எப்போதும் ரொம்பக் கம்மியாகத்தான் வரும்.

அப்புறம் ஏன் இங்கே தீட்ட வேண்டும்? அரசாங்கம் கேட்டது. கேட்கவும் அதற்கு உரிமை இருந்தது. 1966-ல் சுதந்திரம் வாங்கியபோது பரம ஏழை நாடு. அடுத்த வருடமே ஒராபாவில் வைரம் கிடைத்தது. பன்னாட்டு வைர நிறுவனமான டி பியர்ஸோடு கூட்டாக டெப்ஸ்வானா சுரங்கக் கம்பெனி வந்தது, அதில் அரசின் பங்கு பின்னாளில் பாதியானது; 1982-ல் ஜ்வானெங் சுரங்கமும் திறந்தது. அந்தக் காசு பள்ளிக்கூடமாகவும் சாலையாகவும் ஆஸ்பத்திரியாகவும் மாறியதை நாடு முழுக்கப் பார்க்கலாம். ஆனால் கல் அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது. அதை மாற்ற அரசு பேரம் பேசி, டி பியர்ஸின் விற்பனையையே 2013-ல் லண்டனிலிருந்து கபோரோனுக்குக் கொண்டுவந்தது. உள்ளூரில் தீட்டும் பட்டறைகளுக்கென்று தனியாகக் கல் ஒதுக்கவும் வைத்தது.

'சைட்' என்று தொழிலில் சொல்லும் அந்த விற்பனை வருடத்துக்குப் பத்து முறை நடக்கும். பெட்டியில் கல், மேலே விலை. பேரத்துக்கு அநேகமாக இடமில்லை. அந்த வாரம் எங்கள் பட்டறையே பரபரப்பாக இருக்கும். கல்லை ஸ்கேன் செய்து, எங்கே அறுத்தால் எவ்வளவு தேறும் என்று கம்ப்யூட்டரில் திட்டம் போட்டு, பிறகு லேசர், பிறகு தீட்டும் சக்கரம். பெரிய கல்லுக்குத்தான் உள்ளூர்க் கூலி கட்டுப்படியாகும். சூரத்திலிருந்து வந்த கைதேர்ந்தவர்களிடம் தொழில் பழகிய உள்ளூர்ப் பிள்ளைகள் சில வருடங்களில் அவர்களுக்குச் சமமாகத் தீட்டினார்கள். கூலி வித்தியாசத்துக்குக் காரணம் திறமைக் குறைவு என்று சொல்பவர்களிடம் எனக்கு இன்றும் கோபம் வரும்.

இதையெல்லாம் பொருளாதாரத்தைப் பரவலாக்குவது என்று கூட்டங்களில் பேசுவார்கள். கணக்கு எழுதியவனுக்கு அது ஒப்பவில்லை. ஒரே கிணற்றில் நாலு ஏற்றம் போட்டால் கிணறு நாலாகிவிடாது. 2023-லிருந்து ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கும் வைரம் விலையை உடைத்தது, அமெரிக்காவிலும் சீனாவிலும் வாங்குவது குறைந்தது. சுரங்கம், விற்பனை, பட்டறை, அரசு வரவு எல்லாம் ஒன்றாகவே இறங்கின. ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் வைரம் என்றால் வேறென்ன நடக்கும்? 2024-ல் பொருளாதாரம் 3 சதவீதம் சுருங்கியது. அந்த வருடத் தேர்தலில், சுதந்திரத்திலிருந்து ஆண்ட கட்சி தோற்று டூமா போகோ அதிபரானார்.

வேறு தொழில் முயலவில்லை என்று சொல்ல முடியாது. கபோரோனில் பாகங்களைப் பொருத்தி ஹூண்டாய் கார்களைக்கூடச் செய்து விற்றார்கள்; அந்தத் தொழிற்சாலை 2000-ல் மூடிவிட்டது. மக்கள்தொகை சுமார் 25 லட்சம்தான். பக்கத்தில் சுங்க வரியே இல்லாமல் லாரி லாரியாகச் சரக்கு அனுப்பும் தென்னாப்பிரிக்கா. இதில் எந்த ஆலை தாக்குப்பிடிக்கும்?

2022 ஜனவரியில் 16 வகைக் காய்கறிகளின் இறக்குமதியை நிறுத்தினார்கள். தக்காளி, வெங்காயம் மட்டுமா, இஞ்சி, மஞ்சள், மிளகாயும் பட்டியலில் உண்டு. எங்கள் வீட்டுச் சமையலறையையே குறிவைத்த மாதிரி இருந்தது. விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்பிய நாட்கள் உண்டு. சரி, அந்த விலையில்தானே உள்ளூர்க்காரர் துணிந்து பயிர் வைக்க முடியும்? புதிய அரசு அந்தத் தடையைத் தளர்த்தத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் சந்தோஷம். வார இறுதியில் முட்டைக்கோஸ் பயிரிட்டுவந்த சக ஊழியர் ஒருவர் தலையில் கைவைத்தார்.

அவர் செலெபி-பிக்வேக்காரர். அங்கே தாமிர–நிக்கல் சுரங்கம் 2016-ல் மூடி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. இப்போது அந்தப் பக்கம் ஆரஞ்சுத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். "வேலை இருக்கிறது, ஆனால் சுரங்கச் சம்பளத்தை நம்பிக் கட்டிய வீட்டுக்கடனை அதில் அடைக்க முடியாது" என்றார். எங்கள் பட்டறையில் ஆட்குறைப்புப் பட்டியல் வந்தபோது அவர் பெயரும் இருந்தது.